குளிர்த் தொட்டி மீன்கள்

அம்மாவின் தலையைப் பாதி வாரியிருந்தபோது மூச்சு நின்றது. மகள் சீப்பைக் கையில் வைத்தபடி காத்திருந்தாள். அடுத்த மூச்சு வரவில்லை. இன்றோ நாளையோ என்று நர்ஸ் காலையிலேயே சொல்லியிருந்தாள். சிக்கெடுக்காத பக்கத்தையும் வாரிப் பின்னலைப் போட்டு முடித்தாள்.

அப்போதுதான் அம்மாவின் போன் அடித்தது. திரையில் 'வாண்டு'.

அம்மாவின் ஆராய்ச்சி மாணவி. செல்லப்பெயர் அம்மா வைத்தது. பெற்ற மகளுக்கு அப்படி ஒன்று வைக்கத் தோன்றியதே இல்லை. மாதக்கணக்கில் லீவு போட்டுப் புரட்டிப் படுக்கவைத்ததும், கஞ்சி ஊட்டியதும், துணி மாற்றியதும் மகள்தான். ஆனால் மகள் கூப்பிட்டால் திறக்காத அம்மாவின் கண் இந்தப் போன் அடித்தால் திறக்கும். வயிற்றெரிச்சலாக இருக்காதா? இருந்தது.

எடுத்தாள்.

"அக்கா, டீச்சர் காதுல வைங்களேன், ப்ளீஸ்!"

அம்மா போய்விட்டாள் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் இவள் அரக்கப்பரக்க ஓடி வருவாள். மகளைவிடப் பெரிதாக அழுவாள். வருகிறவர்களெல்லாம் அவளுக்குத்தான் ஆறுதல் சொல்வார்கள்.

ஸ்பீக்கரைப் போட்டுத் தலையணைமேல் வைத்தாள். "ம், சொல்லு."

"டீச்சர், நீங்க சொன்னதுதான் சரி! எண்ணிப் பாத்துட்டேன், குளிர்த் தொட்டி மீனோட தசையில மைட்டோகாண்ட்ரியா மத்த தொட்டி மீனைவிட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு இருக்கு! குளிர்ல எல்லாமே மந்தமாயிடும், ஆனா மீன் நீந்தியாகணுமே, அதனால செல்லே கூடுதலா அடுப்பு மூட்டிக்கும்னு அன்னிக்கே சொன்னீங்க. நான்தான் நம்பல. டீச்சர், நாம ஜெயிச்சிட்டோம்!"

மகளுக்கு எல்லாமே புரிந்தது. அதுதான் தாங்கவில்லை. அப்படி என்னதான் பார்க்கிறாய் அந்த மீனில் என்று கேட்டபோதெல்லாம் "உனக்குப் புரியாது" என்று அம்மா முடித்துக்கொண்டது இதைத்தானா?

"டீச்சர் என்ன சொல்றாங்கக்கா?"

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை எண்ணிப் பாக்கச் சொல்றாங்க."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு சிரிப்பு. "அதானே! டீச்சர் வேற என்ன சொல்வாங்க? எண்ணிட்டு சாயங்காலம் நேர்லயே வரேன்னு சொல்லுங்கக்கா."

"சொல்றேன்."

போனை அணைத்தாள். கதவைத் தாழிட்டாள். கட்டிலில் அம்மாவை ஒட்டி மிச்சமிருந்த இடத்தில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள்.