சாமி தலைக்கு மேலே

பார்வதியம்மாள் அந்தக் கீழ் வீட்டின் மேல் வைத்திருந்த பாசத்தைப் பார்த்தால் கட்டின புருஷனுக்கே பொறாமை வரும். வந்தும் இருந்தது. "அந்த ஜன்னல் கம்பியத் தொடைக்கியே, ஒரு நாளாவது என் முகத்த இப்படி ஆசையாப் பாத்திருக்கியா?" என்று சொரிமுத்து ஒருமுறை கேட்டே விட்டார். முகமா சோறு போடுகிறது என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

சோறு போட்டது அந்த ஜன்னல்தான். ஸ்ரீவராகம் கோயிலுக்குப் பின்னால் வீட்டு வசதி வாரியம் கட்டி வாடகைக்கு விட்ட காலனியில் பி பிளாக்கின் தரைத்தள வீடு அது. அடுக்களை ஜன்னல் தெருவைப் பார்த்து இருந்தது. விடிந்ததும் யாராவது அதைத் தட்டி, "அம்மா, மாவு" என்று பாத்திரத்தை நீட்டுவார்கள். அவள் இட்லி மாவை மொண்டு ஊற்றுவாள். சொரிமுத்து பழவங்காடியில் ஒரு கடையில் டீ மாஸ்டர். அவர் சம்பளம் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்று அவருக்கே தெரியாது. மகள் அனுஷாவைப் படிக்க வைத்ததும் கட்டிக் கொடுத்ததும் அந்த ஜன்னல் வழியாகப் போன மாவுதான்.

ஆனால் பாருங்கள், வாரியத்தின் கணக்கில் அது அவள் வீடே இல்லை.

எழுபதுகளின் கடைசியில் குலுக்கல் போட்டு வீடு கொடுத்தபோது சொரிமுத்துவுக்கு விழுந்தது உச்சியில் இருந்த மேல் வீடு. கீழ் வீடு பட்டாபிக்கு விழுந்தது. அவர் ஒரு சர்க்கார் ஆபீசில் கிளார்க். குடிவந்த அன்றே பட்டாபியின் தாயார் வடகிழக்கு மூலையில் சாமி படங்களை மாட்டி, விளக்கேற்றிக் கண்ணை மூடினார். உடனே சுவருக்குள் சளசளவென்று தண்ணீர் இறங்குகிற சத்தம். விசாரித்தால், கீழ் வீட்டுக்கு மட்டும் கக்கூஸ் கொல்லையில் இருக்கிறதாம். மாடி வீடுகள் இரண்டுக்கும் உள்ளேயாம். அதுவும் நேராகச் சாமி தலைக்கு மேலே. பிளான் போட்ட புண்ணியவான் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவனோ தெரியவில்லை. தாயார் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் பட்டாபி மூச்சு வாங்க மாடியேறி வந்து, மேல் வீட்டின் கூரையை அண்ணாந்து பார்த்தார். "இதுக்கு மேல யாருமில்லையே?" என்று கேட்டார். மொட்டை மாடிதான் என்றதும் அவர் கண்ணில் நீர் தளும்பியது. மறுநாளே இரு குடும்பமும் வீட்டை மாற்றிக்கொண்டன. வாடகை மட்டும் அவரவர் பெயருக்கு விழுந்த வீட்டுக்கே கட்டினார்கள். வாரியத்திடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வாடகை வீட்டில் கீழே என்ன, மேலே என்ன.

இருபது வருஷம் போனது. பட்டாபியின் தாயார் போய்ச் சேர்ந்தார். தொண்ணூற்றெட்டில் ஒரு நாள், குடியிருக்கிறவர்களுக்கே வீட்டை விற்கப் போகிறோம் என்று வாரியம் அறிவித்தது. காலனியே பாயசம் வைத்தது. அடுத்த வாரம் நிபந்தனை வந்தது. யாருக்கு எந்த வீடு ஒதுக்கினோமோ அவர் அந்த வீட்டில் இருந்தால்தான் விற்போம். வேறு ஆள் இருந்தால் இரண்டு வீட்டுக்கும் பூட்டு. பாயசம் எல்லார் தொண்டையிலும் நின்றது. ஏனென்றால் பி பிளாக்கில் மட்டுமல்ல, காலனி முழுக்க இந்தக் கூத்துதான். ஒருவர் வாஸ்துவுக்காக மாறியிருந்தார், இன்னொருவர் பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை இல்லாததால் மாறியிருந்தார்.

பட்டாபி இறங்கி வந்தார்.

"பார்வதியம்மா, ஒரு நாள் கூத்து இது. ஆபீசர் வர அன்னிக்கு நீங்க மேல, நாங்க கீழ. வாங்கறதை வாங்கிண்டு, மறுநாளே பழையபடி மாத்திண்டுடலாம். பத்மநாபன் மேல சத்தியம்."

"சத்தியமெல்லாம் எதுக்கு சாமி" என்றாள் பார்வதியம்மாள். ஆனால் சத்தியம் செய்தது மனசுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

மாறுகிற நாளில் படிக்கட்டைப் பார்த்திருக்க வேண்டும். பட்டாபியின் பீரோ இறங்குகிறது, சொரிமுத்துவின் கட்டில் ஏறுகிறது, இரண்டும் நடு வீட்டு ஓமனாவின் வாசலில் சந்தித்து ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டன. ஓமனா வெளியே வர முடியாமல் கட்டில் கால்களுக்கு நடுவே டம்ளரை நீட்டி இருதரப்புக்கும் சாயா கொடுத்தாள். கிரைண்டரை மேலே கொண்டு போவதற்குள் சொரிமுத்துவின் வேட்டி இரண்டு முறை அவிழ்ந்தது.

அன்று ஆபீசர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஏ பிளாக்கிலேயே நிற்கிறார், இந்த வாரம் வருவார், அடுத்த வாரம் நிச்சயம் என்று சேதி வந்துகொண்டே இருந்தது. எந்த நேரத்தில் வந்து நிற்பாரோ என்று பயந்து யாரும் வீடு மாறவில்லை.

பார்வதியம்மாள் மாவு விற்க வழி தேடினாள். மேல் வீட்டு ஜன்னலிலிருந்து கயிற்றில் வாளி கட்டி இறக்கினாள். காற்றடித்தால் வாளி ஓமனாவின் ஜன்னலுக்குள் போய்விடும். "சேச்சி, மாவு இவிடெ வந்நு" என்று ஓமனா கூவுவாள், பிறகு வாளியை வெளியே தள்ளிவிடுவாள். பழைய பழக்கத்தில் பாதிப் பேர் கீழ் ஜன்னலையே தட்டினார்கள். பட்டாபியின் மனைவி சூடாமணி முதல் இரண்டு நாள் மேலே கையைக் காட்டினாள். மூன்றாம் நாள் தன் வீட்டு மாவையே ஊற்றிக் கொடுத்தாள்.

"தட்டிண்டே இருக்கா, நான் என்ன பண்ணட்டும்? வெறுங்கையோட அனுப்பறது பாவமில்லையோ?" என்றாள் சூடாமணி.

மாமி மாவு பஞ்சு மாதிரி இருக்கிறது என்று தெருவில் பேச்சு கிளம்பியது. அது காதில் விழுந்த அன்று பார்வதியம்மாளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வயிறு எரிந்தது என்று சொன்னால் குறைத்துச் சொல்வதாகும்.

இது போதாது என்று பூஜைத் தகராறு வேறு. பட்டாபி மறுபடி வடகிழக்கு மூலைக்கே வந்திருக்கிறார், தலைக்கு மேலே இரண்டு கக்கூஸ்கள். அவர் ஓமனாவிடமும் பார்வதியம்மாளிடமும் கையெடுத்துக் கும்பிட்டார். காலையில் பூஜை தொடங்கும்போது மணி அடிப்பேன், முடியும்போது மறுபடி அடிப்பேன், நடுவில் மட்டும் யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்றார். கொஞ்ச நாள்தானே என்று ஒப்புக்கொண்டார்கள். இதில் செத்தது சொரிமுத்துதான். அவர் வயிற்றுக்குத் தெரிந்த ஒரே நேரம் அதுதான். மணிச் சத்தம் கேட்டதும் நெற்றி வியர்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கிழக்கேக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக் கக்கூசுக்கு ஓடுவார்.

ஒருவழியாக ஆபீசர் வந்தார். ஏ பிளாக்கில் நிறையப் பேர் ஏமாற்றியிருந்ததால் அவருக்கு ஊரையே சந்தேகம். கீழ் வீட்டில் நுழைந்து நாலா பக்கமும் பார்த்தார். வாசலில் பார்வதியம்மாளும் ஓமனாவும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எத்ர காலமாயிட்டு இங்க தாமசம்?" என்று கேட்டார் ஆபீசர்.

"இருபது வருஷமா இங்கேதான் ஸார்" என்றார் பட்டாபி, தெளிவாக.

"மழைக்காலத்தில வீட்டுக்குள்ள தண்ணி கேறாறுண்டோ?"

"சேச்சே. ஒரு பொட்டு வராது ஸார்."

ஆபீசர் பேனாவை மூடினார். இந்தக் காலனியில் தண்ணீர் ஏறாத கீழ் வீடு ஒன்றுகூடக் கிடையாது, நீங்கள் மட்டும் என்ன கப்பலிலா இருக்கிறீர்கள் என்று மலையாளத்தில் கேட்டார். பட்டாபியின் முகத்தில் ரத்தமே இல்லை. சூடாமணி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

பார்வதியம்மாள் கணக்குப் போட்டாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் குட்டு உடையும், இரண்டு வீட்டுக்கும் பூட்டு விழும். வாயைத் திறந்தால் தன் வீட்டைத் தன் வாயாலேயே இன்னொருவருக்குச் சாசனம் செய்வதாகும். அவள் திறந்தாள்.

"சாமிக்கு இப்ப மறதி ஜாஸ்தி ஸார். அடுக்களையில தண்ணி போற ஓட்டை இருக்குல்லா, ஐப்பசி மழைக்கு அது வழியாத்தான் பொங்கி வரும். அம்மிக் குழவியத் துணி சுத்தி அதுல செருகணும். பெறவும் கதவுக்கடியில வரும், சாக்கு போடணும். அரிசி டின்ன எல்லாம் மேத்தட்டுல ஏத்திருவாரு. ஒரு வருசம் கட்டிலுக்கடியில தவளை இருந்து ராத்திரி பூரா கத்திச்சு. அதக்கூட மறந்துட்டாரு பாருங்க."

 அந்தத் தவளையை முறத்தில் ஏந்திக்கொண்டு போய் ஓடையில் விட்டது அவள்.

"நிங்களுக்கு எங்ஙனெ அறியும்?" என்றார் ஆபீசர்.

"நான் மேல் வீட்டுக்காரி. ஒதவிக்கு வருவேன்."

ஆபீசர் அடுக்களைக்குப் போய் ஓட்டையைப் பார்த்தார், சுவரில் தண்ணீர் ஏறிய கறையைப் பார்த்தார், பட்டாபியைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேல் வீட்டில் இதே நாடகம் மறுபடி நடந்தது. அங்கே சொரிமுத்து விழித்தபோது, கூரை எங்கெங்கே ஒழுகும் என்று சூடாமணி விரலை நீட்டி நீட்டிச் சொன்னாள். அவளுக்கும் அந்தக் கூரை மேல் பாசம்தான், இல்லை என்று சொல்லக் கூடாது.

பத்திரம் கைக்கு வந்தது. பத்து வருஷத்துக்கு விற்கவோ மாற்றவோ கூடாது என்று அதில் ஒரு வரி இருந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, இருபது வருஷம் வாரியத்துக்குத் தெரியாமல் இருந்தவர்கள்தானே. பார்வதியம்மாள் கிரைண்டரைக் கழுவித் துடைத்து வாசலில் வைத்துவிட்டுக் கீழே போனாள்.

"சாமி, எப்ப மாத்திக்கிடுவோம்?"

பட்டாபி பேப்பரை மடித்தார். "என்ன அவசரம், பார்வதியம்மா? பகவானுக்குத் தெரியும், எனக்கு இங்கே இருக்கணும்னு ஒரு ஆசையும் இல்லை. சூடாமணியோட முட்டிதான் கேக்கமாட்டேங்கறது. படியேறப்படாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். பத்திரமும் பாருங்கோ, கீழ் வீட்டுக்குத்தானே இருக்கு."

உள்ளேயிருந்து யாரோ ஜன்னலைத் தட்டுகிற சத்தமும், "இதோ வந்துட்டேன்" என்று முட்டிக்காரி ஓடுகிற சத்தமும் கேட்டன. பார்வதியம்மாள் படியேறினாள். மேலே போய்ப் படுத்து அழுதாள். நன்றாக அழுது முடித்ததும் எழுந்து உட்கார்ந்து புருஷனைக் கூப்பிட்டாள்.

"இந்தாரும், நாளையிலேர்ந்து நீரு பஸ் ஸ்டாண்டுக்கு ஓட வேண்டாம்."

"மணி அடிப்பாரே?"

"மணி அடிச்ச பெறவு போம்."

சொரிமுத்துவுக்கு வாழ்க்கையில் அப்படியொரு விடுதலை கிடைத்ததில்லை. மறுநாள் காலை கீழே மணி அடித்தது. மேலே சங்கிலி இழுபட்டது. சுவருக்குள் அருவி இறங்கியது. பட்டாபி மந்திரத்தை நிறுத்தி, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, மறுபடி தொடங்கினார். தொட்டி நிரம்புவதற்குத்தான் பார்வதியம்மாள் காத்திருந்தாள். அன்று பட்டாபி ஐந்து தடவை குளித்தார், ஆபீசுக்குத் தும்மிக்கொண்டே போனார்.

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. மணியடிக்காமல் ரகசியமாகப் பூஜை செய்து பார்த்தார், சாம்பிராணி வாசனை காட்டிக் கொடுத்தது. சாமியை அடுக்களைக்கு மாற்றலாமா என்றார், கண்ட பேரும் வந்து தட்டுகிற ஜன்னலடியில் சாமியா என்று சூடாமணி அழுதாள். நடுவில் ஓமனாவும் கட்சி சேர்ந்துகொண்டாள். "ஞான் ஒந்நும் செய்யலை சேச்சி, வயறு செரியில்லை" என்று படியில் பார்த்துச் சிரித்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை, மூன்று நாள் ஜலதோஷத்தோடு பட்டாபி மேலே வந்து நின்றார்.

"நீங்களே கீழ போயிடுங்கோ, பார்வதியம்மா."

"பத்மநாபன் பேருல சொன்ன வாக்கு. அவரு விட்டுருவாரா, சாமி?" என்றாள் அவள், மிகுந்த மரியாதையோடு.

பீரோ ஏறியது, கட்டில் இறங்கியது, ஓமனா சாயா கொடுத்தாள். பார்வதியம்மாள் ஜன்னல் கம்பியைத் துடைத்தாள். முதல் ஆள் வந்து தட்டியபோது ஒரு கரண்டி கூடவே ஊற்றினாள். சூடாமணி மேல் வீட்டில் முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று கேள்விப்பட்டு, ஒரு தூக்கு மாவும் கொடுத்தனுப்பினாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடுக்களை ஓட்டை பொங்கியது. குழவியைச் செருகியும் நிற்கவில்லை, ஓட்டையைச் சுற்றித் தளமே பிளந்துவிட்டது. முன்பெல்லாம் வாரியத்துக்கு எழுதிப்போட்டு வையலாம். இப்போது யாரை வைவது? யோசித்தவள் குடையைக்கூட எடுக்காமல் மாடியேறினாள். மேலேயிருந்து பட்டாபி ஈர வேட்டியோடு இறங்கி வந்துகொண்டிருந்தார். ஓமனாவின் வாசலில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள்.

"சாமி, உங்க வீட்டுக்குள்ள தண்ணி பொங்குது. வந்து பாருங்க."

"உங்க கூரை எங்க மெத்தை மேல ஒழுகறது, பார்வதியம்மா. உங்களைத்தான் கூப்பிட வரேன்."

ஓமனா கதவைத் திறந்து, இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு குண்டானைக் கொண்டுவந்து பார்வதியம்மாளிடமும், ஒரு சாக்கைக் கொண்டுவந்து பட்டாபியிடமும் கொடுத்தாள். வேறு என்ன செய்ய முடியும்? அவர் கீழே போனார். அவள் மேலே போனாள்.

சூடாமணி மெத்தையைச் சுருட்டிக்கொண்டு மூலையில் நின்றாள். "வாங்கோ, பாருங்கோ" என்று வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி நயந்து சொன்னாள். பார்வதியம்மாள் குண்டானை வைத்துவிட்டுக் கூரையின் விரிசலை அண்ணாந்து பார்த்தாள். எத்தனை வருஷம் ஏங்கி, எத்தனை பொய் சொல்லி, கடைசியில் தன்னுடையது என்று வாங்கியது இதைத்தான். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டில் எதையும் மாமிக்கு முன்னால் காட்டவில்லை.

கீழே யாரோ மழையில் நின்று ஜன்னலைத் தட்டினார்கள். "அம்மா, மாவு."

"இருப்பா, குழவியைப் பிடிச்சிண்டிருக்கேன்" என்று பட்டாபியின் குரல் கேட்டது.

பார்வதியம்மாள் மேல் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். "நீல மூடி போட்ட பாத்திரத்துல இருக்கு சாமி. ரெண்டு கரண்டி ஊத்திக் குடுங்க."

அவள் தலையை உள்ளே இழுப்பதற்குள் கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. அவளுடைய கூரை இன்னோர் இடத்திலும் ஒழுகத் தொடங்கியிருந்தது.