சேஷகிரி கழித்த மார்க்

மல்லேஸ்வரத்தில் சேஷகிரியின் வீட்டைத் தாண்டும்போது காலேஜ் பையன்கள் சைக்கிள் மணியை அடிக்க மாட்டார்கள். மரியாதை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பயம்தான். பி.எஸ்ஸி. பௌதிகத்துக்கு அவர்தான் தலைமைப் பரீட்சகர். மைசூர் ராஜ்யத்தின் எந்த மூலையில் படித்தவனாக இருந்தாலும், அவன் எழுதிய விடைத்தாள் கடைசியில் அரக்கு முத்திரை வைத்த மூட்டையாக அவர் வீட்டு ஹாலுக்கு வந்துதான் ஆகவேண்டும். உதவிக்கு இரண்டு லெக்சரர்கள் உண்டு. அவர்கள் போடும் மார்க்கை அவர் மறுபடி பார்ப்பார். பார்ப்பார் என்றால் குறைப்பார்.

கெட்ட மனுஷர் இல்லை. தெருவில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் டாக்டரிடம் ஓடுகிறவர் அவர்தான். மார்க் விஷயத்தில் மட்டும் கை வராது. "எங்க கல்யாணச் சாப்பாட்டுக்கே இவர் நாப்பத்தஞ்சுதான் போட்டார்" என்று அவர் மனைவி பாகீரதி சொல்வாள். சேஷகிரி அதை மறுத்ததில்லை. ரசத்தில் உப்புக் குறைவு என்பது அவருக்கு இன்னும் நினைவிருந்தது.

மார்க் கேட்டு ஆட்கள் வருவார்கள். பையனின் அப்பா, அப்பாவுக்குத் தெரிந்த எம்.எல்.ஏ., ஒரு தடவை பாகீரதியின் சொந்தத் தம்பி. எல்லோருக்கும் காபி கிடைக்கும். காபி முடிந்ததும் ஒரே பதில்: "அவன் எழுதினதுக்கு மேல ஒரு மார்க் கிடையாது." தம்பி அன்றைக்குப் போனவன் இன்னும் இந்த வீட்டுப் படி ஏறவில்லை.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அவர் பட்டம் வாங்கிய காலத்தில் பி.எஸ்ஸி. முதல் வகுப்பு என்றால் ஹாசனிலிருந்து உறவுக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இப்போது சுதந்திரம் வந்து பத்து வருஷம் தாண்டிவிட்டது. மெஜஸ்டிக்கில் பஸ்ஸுக்கு நிற்பவர்களில் பாதிப் பேர் பட்டதாரிகள். பஸ் வந்தால் அதன் கண்டக்டரும் பட்டதாரி. பட்டத்தை மலிய விட்டவர்கள் யார் என்று சேஷகிரிக்குத் தெரியும். மாடரேஷன் போர்டு.

எல்லாத் தாள்களையும் திருத்தி முடித்தபின் அந்த போர்டு கூடும். போன வருஷத்தைவிடத் தேறியவர்கள் குறைவாகத் தெரிந்தால், நல்லவன் கெட்டவன் என்று பார்க்காமல் எல்லோருக்கும் பொதுவாக இத்தனை மார்க் என்று கூட்டிப் போட்டுவிட்டு, போண்டா சாப்பிட்டுக் கலைந்துவிடும். 'கஞ்சித் தொட்டி' என்பார் சேஷகிரி. தொட்டியின் தலைவர் கணிதப் பேராசிரியர் சுந்தரராமன். சேஷகிரியோடு ஒரே பெஞ்சில் படித்தவர். ஒருவரை ஒருவர் இன்னும் 'டா' போட்டுத்தான் பேசுவார்கள்.

முதல் தடவை போர்டு மூன்று மார்க் கூட்டியது. மறுவருஷம் சேஷகிரி முன்கூட்டியே எல்லோருக்கும் மூன்று கழித்துவிட்டார். கூட்டினால் சரியாகிவிடும், உண்மையான மார்க் நிற்கும் என்பது அவர் கணக்கு. மார்க் குறைந்திருப்பதைப் பார்த்த போர்டு ஆறு கூட்டியது. அவர் அடுத்த வருஷம் ஆறு கழித்தார். இப்படியே ஏறி ஏறி, அவர் பன்னிரண்டு கழிப்பதும் போர்டு பன்னிரண்டோ அதற்குச் சற்று மேலோ கூட்டுவதுமாக விஷயம் ஒரு வழிக்கு வந்திருந்தது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்கிற மாதிரியான விஷயமும் இல்லை.

கூடவே, மாடரேஷனை ஒழிக்க வேண்டும் என்று வருஷம் தவறாமல் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதுவார். பல்கலைக்கழகமும் வருஷம் தவறாமல், 'இவ்வாண்டு மாடரேஷன் கிடையாது. பரீட்சகர்கள் கவனத்துடன் திருத்தவும்' என்று சர்க்குலர் அனுப்பும். பிறகு வருஷம் தவறாமல் போர்டு கூடி மார்க்கைக் கூட்டும். அந்த வருஷமும் சர்க்குலர் வந்தது. சேஷகிரி அதைப் படித்துவிட்டு, மைக்கூட்டுக்கு அடியில் மை ஒட்டாமல் இருக்க வைத்துக்கொண்டார்.

அந்த வருஷத்து மூட்டையில் பெர்னதெத்தின் தாளும் இருந்தது. அவள் சேஷகிரியின் காலேஜிலேயே படித்தவள். பௌதிக வகுப்பில் ஒரே பெண். வீடு ஒக்கலிபுரம். அப்பா ஆம்ப்ரோஸ் சிட்டி ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் வேலை பார்த்தார். ஒயிட்ஃபீல்டு போகிற வழியில் ஒரு கருவித் தொழிற்சாலை புதிதாக வந்திருந்தது. அங்கே ஆய்வுக்கூட உத்தியோகத்துக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள், பி.எஸ்ஸி. முதல் வகுப்பு இருந்தால் பெண்களையும் எடுப்பார்கள் என்று பேச்சு. அதை நம்பித்தான் அவள் படித்தாள். மூன்று தம்பிகள் அவளுக்குக் கீழே. ஒரு நாள் லேபில் அவள் செய்த சோதனையைப் பார்த்துவிட்டு சேஷகிரி, "நீ என் கையாலயே ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்குவே" என்று சொல்லிவிட்டார். லேப் முழுக்க அன்றைக்கு வேலை நடக்கவில்லை. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை.

தாளில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். ஆனாலும் ஒளி வளையங்களைப் பற்றிய கேள்விக்கு ஒரு தாள் புத்தகத்தில் இல்லாத குறுக்கு வழியில் விடையைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. அது யார் என்று அவருக்குத் தெரியும். சந்தோஷத்தில் பாகீரதியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"நன்னா எழுதியிருக்காளா? அப்போ நிறையப் போடுங்கோளேன்" என்றாள் பாகீரதி.

"அறுபத்தாறு பெறும்" என்றார் சேஷகிரி. அவரைப் பொறுத்தவரை அது ஆகாயத்துக்குச் சமம். பிறகு பேனாவை எடுத்து ஐம்பத்து நான்கு என்று போட்டார். கழிக்காமல் விட்டால் போர்டு கூட்டியதும் எழுபத்தெட்டாகிவிடும். அது பொய்யாகிவிடும். தெரிந்த பெண்ணுக்கு ஒரு நியாயம், தெரியாதவனுக்கு ஒரு நியாயம் என்று அவரால் நடக்க முடியாது.

ஜூனில் ரிசல்ட் வந்தது. பேப்பரை விரித்த சேஷகிரி, பௌதிகத்தில் முதல் வகுப்பு என்ற தலைப்பைத் தேடினார். தலைப்பே இல்லை. ராஜ்யம் முழுக்க ஒருவர்கூட முதல் வகுப்பில் தேறவில்லை. பாதிப் பேர் தேறவே இல்லை. அச்சுப் பிழையாக இருக்கும் என்று கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

மறுநாள் பெர்னதெத் வந்தாள். கையில் பேக்கரி கேக். செகண்ட் கிளாஸ் ஆனாலும் பாஸ் பாஸ்தானே, சாருக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று அப்பா வாங்கிக் கொடுத்தாராம். அழுத முகம் என்று தெரிந்தது. ஆனால் அங்கே அவள் அழவில்லை.

"எங்க தப்புப் பண்ணேன்னு சொன்னீங்கன்னா தெரிஞ்சுக்குவேன் சார்" என்றாள். "ரிங்ஸ் கொஸ்டின்ல சுத்திப் போகாம குறுக்க போய்ட்டேன். அதுலயா சார்?"

"இல்லம்மா. அது சரி."

"அப்ப வேற எங்க சார்?"

சேஷகிரி கேக்கில் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். முட்டை போட்ட கேக். பாகீரதி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலமே பசவனகுடிக்குப் போனார். சுந்தரராமன் ஈஸிசேரில் சாய்ந்து, மிகவும் சந்தோஷமாக இருந்தார்.

"வாடா சேஷா! திருப்தியா? பத்து வருஷமா லெட்டர் எழுதினியே, ஆய்த்து, இந்த வருஷம் உன் பேச்சைக் கேட்டுட்டோம். போர்டு கூடவே இல்லை. நீ போட்ட மார்க் அப்படியே பேப்பர்ல வந்துடுத்து. உன் பேரைச் சொல்லி நான்தான் கமிட்டில சண்டை போட்டேன்."

"சர்க்குலர் வருஷா வருஷம் வர்றதுதானேடா?"

"இந்தத் தடவை நிஜமா அனுப்பிச்சோம்."

சேஷகிரி உட்கார்ந்தார். பன்னிரண்டு கழித்த கதையைத் தரையைப் பார்த்தபடி சொன்னார். சுந்தரராமன் கொஞ்சம்கூட ஆச்சரியப்படவில்லை. "தெரியும். நீ கழிப்பேன்னுதானே நான் கூட்டிண்டிருந்தேன்" என்றார். "ஆனா நிறுத்தச் சொன்ன ஆளே நிறுத்தாம இருப்பான்னு நினைக்கலை."

"அந்தப் பெண்ணுக்கு மட்டும் சரி பண்ண முடியாதா?"

"ஒருத்திக்கு மட்டும் தப்பா போட்டேன்னு நீ சொன்னா, மத்ததெல்லாம் சரியான்னு கேப்பா. போட்டா எல்லாருக்கும் போடணும். நீ எழுதிக் கொடு. மாடரேஷன் அவசியம், தலைமைப் பரீட்சகர் சிபாரிசு பண்றார்னு."

சேஷகிரிக்கு உடம்பெல்லாம் கூசியது. பத்து வருஷமாக எதைத் திட்டினாரோ அதையே கைநீட்டிக் கேட்க வேண்டும். கேட்காமல் எழுந்து போய்விடலாம். ஒரு பெண்ணுக்கு ஒரு வேலை போகும், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' அவருக்குத் தொண்டையை விட்டு இறங்கவில்லை. பேனாவை எடுத்தார்.

"பன்னிரண்டுன்னு எழுதட்டுமா?"

"பன்னிரண்டுன்னா ஏன் பன்னிரண்டுன்னு கேப்பாடா. ரவுண்டா இருபது போடு. ஃபெயிலான பசங்களோட அப்பாமாரெல்லாம் நேத்திலேர்ந்து என் வாசல்ல நிக்கறா. அவாளும் போய்டுவா."

இருபது என்று எழுதினார். கையெழுத்தும் போட்டார். தம்முடைய கையெழுத்தே அன்றைக்கு அவருக்குக் கோணலாகத் தெரிந்தது.

திருத்திய ரிசல்ட் வந்தபோது முதல் வகுப்பு என்ற தலைப்புக்குக் கீழே எண்கள் பக்கத்தின் கடைசி வரை போய், அடுத்த பத்தியிலும் ஏறியிருந்தன. மூன்று வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்தவர்கள் ஊர்வலமாக மல்லேஸ்வரம் வந்து, சேஷகிரிக்குச் சம்பங்கி மாலை போட்டார்கள். 'ஏழை மாணவர்களின் தோழர்' என்று ஒருவன் கன்னடத்தில் பேசினான். சைக்கிள் மணிகளை அன்றைக்குத் தாராளமாக அடித்தார்கள். மாலையை வாங்கிய பாகீரதி அதை எந்தச் சாமிக்குப் போடுவது என்று தெரியாமல் ஆணியில் மாட்டினாள். ஊர்வலத்தில் பெர்னதெத் இல்லை. வேலைக்குச் சேரும் அவசரமாக இருக்கும் என்று சேஷகிரி நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பு ஒன்றுதான் அவரைத் தூங்க வைத்தது.

அந்த வாரக் கடைசியில் அவள் வந்தாள். இந்தத் தடவை கேக் இல்லை.

"வேலை என்னம்மா ஆச்சு?"

"இல்லைன்னுட்டாங்க சார்" என்றாள். நிதானமாகத்தான் சொன்னாள். "மொதல்ல ஃபர்ஸ்ட் கிளாஸ் யாருமே இல்லைன்னதும், இருக்கிற செகண்ட் கிளாஸ்லயே மேல யாருன்னு பாத்து என்னை வரச் சொல்லியிருந்தாங்க. ஃபேக்டரிக்குப் போனேன். பெரிய ஆபீசர் பேசினார். அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி வந்துடும்மான்னார். ஆர்டர் கைக்கு வந்ததும் உங்ககிட்ட சொல்லலாம்னு அப்பா சொன்னாரு. அதுக்குள்ள புது ரிசல்ட் வந்துடுச்சு சார். இவ்ளோ ஃபர்ஸ்ட் கிளாஸ் வந்தா யாரைன்னு எடுக்கறது, அதுக்கு இனிமே மதிப்பில்ல, எம்.எஸ்ஸி. இருந்தாத்தான் எடுப்போம்னு மாத்திட்டாங்க."

சேஷகிரி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம்.எஸ்ஸி. சேரேன்."

"மூணு தம்பிங்க இருக்காங்க சார்" என்றாள். பிறகு, "எழுபத்து நாலு போட்டிருக்காங்க. நான் அவ்ளோ எழுதலையே சார்?" என்றாள்.

"இல்லை. நீ எழுதினது அறுபத்தாறு."

"மொதல்ல அம்பத்து நாலுன்னு வந்துச்சே?"

எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார். கழித்தது, கழித்ததற்குக் காரணம், அவளுக்காகப் பசவனகுடி போய்க் கேட்டது, ரவுண்டாக எழுதியது. ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் லேபில் கருவியின் பாகங்களை விளக்கும்போது கேட்கிற மாதிரியே தலையசைத்துக் கேட்டாள். கோபித்துக்கொண்டாலாவது அவருக்குக் கொஞ்சம் தேவலை என்றிருந்திருக்கும். அவர் முடித்ததும் கேட்டாள்.

"சார், வரச் சொன்னது அந்த அம்பத்து நாலுக்குத்தான். அதை எனக்கு மட்டும் திரும்பக் கொடுக்க முடியுமா?"

இருபத்தைந்து வருஷமாக மார்க் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் சேஷகிரியிடம் ஒரு பதில் இருந்தது. குறைத்துக் கொடுங்கள் என்று கேட்டு யாரும் வந்ததில்லை. கொடுத்துவிடத்தான் துடித்தார். வாழ்நாள் முழுக்கக் குறைத்த கைதான். ஆனால் கூட்டுவதற்குத்தான் பல்கலைக்கழகத்தில் போர்டு இருந்தது, குறைப்பதற்கு இல்லை. குறைத்துக்கொண்டிருந்தவர் இவர் ஒருவர்தான், அதுவும் யாருக்கும் தெரியாமல்.

பாகீரதி காபி கொண்டுவந்து வைத்தாள். இந்த வீட்டில் காபி முடிந்ததும்தான் பதில் என்பது பெர்னதெத்துக்குத் தெரியாது. டம்ளரைத் தொடாமல், அவர் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.