என் புள்ளியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்

ஜெபசிங் நாற்காலியாகி இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலி, கை வைத்தது. கல்யாண மண்டபங்களில் அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த வகை. அலுவலகத்தில் இதை யாரும் கவனிக்கவில்லை. அவன் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் புள்ளி பச்சையாக இருக்கிறது.

அதைப் பச்சையாக வைத்திருப்பது நான்.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எங்கோ ஒரு நாட்டில் லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால் அந்தப் புகார் எங்களுக்கு வரும். நாங்கள் அதை எட்டு வகையாகப் பிரிப்போம். லிஃப்டை யார் சரிசெய்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. நான் திருநெல்வேலியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து பிரிக்கிறேன். ஜெபசிங் நாகர்கோவிலில் அவன் படுக்கையறையிலிருந்து பிரிக்கிறான். மேலாளர் நித்யகலா மேடம் ஈரோட்டில் இருக்கிறார். மூன்று பேரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை.

கணினியை நாலு நிமிடம் தொடாவிட்டால் புள்ளி மஞ்சளாகிவிடும். மஞ்சளானால் மேடம் போன் செய்வார். அதனால் எனக்கும் ஜெபசிங்குக்கும் ஒரு வழக்கம் உண்டு. குளிக்கவோ சாப்பிடவோ போகிறவர், ‘என் புள்ளியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்’ என்று ஒரு வரி அனுப்பவேண்டும். மற்றவர் அவர் கணக்கிலும் நுழைந்து அவ்வப்போது ஒரு பொத்தானைத் தட்டவேண்டும். அவன் கடவுச்சொல் எனக்குத் தெரியும். என்னுடையது அவனுக்குத் தெரியும். என் கணவருக்குத் தெரியாது.

தங்கையின் வளைகாப்புக்கு நான் மூன்று நாள் லீவு கேட்டேன். “அடுத்து நல வாரம் வருதுங்க, அப்ப எல்லாருமே ஓய்வா இருக்கலாம்” என்றார் மேடம். லீவு கிடைக்கவில்லை. “நீங்க போயிட்டு வாங்கக்கா, புள்ளிய நான் பாத்துக்கிடுகேன்” என்றான் ஜெபசிங். பார்த்துக்கொண்டான். மூன்று நாளும் எழுந்திருக்காமல் இரண்டு பேர் லிஃப்டையும் பிரித்தான். நான் கை நிறைய வளையலோடு திரும்பி வந்து பார்த்தபோது, வேலை நேரம் முழுக்க ஓடும் வீடியோவில் அவன் இடத்தில் நாற்காலி இருந்தது.

தப்பு என்னுடையது. யாரும் அப்படிச் சொல்லவில்லை. அதனால் தினமும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

அவன் அம்மா இன்று காலையும் போன் செய்தார்.

“மக்ளே, பதினோரு நாளாட்டு இவன் ஒண்ணும் திங்கல்ல.”

“அவன் நாற்காலியா இருக்கான்மா.”

“அது எனக்குத் தெரியாதா? அதுக்காக ஒரு வாய் கஞ்சி குடிக்கண்டாமா?”

அவன் சட்டைகளைத் துவைத்து அவன் முதுகிலேயே காயப்போடுகிறாராம். அளவு சரியாக இருக்கிறதாம்.

இன்று நல வாரத்தின் கடைசி நாள். பணியாளர்கள் சோர்ந்துபோவதைத் தடுக்க நிறுவனம் நடத்தும் வாரம் அது. இந்த ஆண்டு மட்டும் நூற்றுப்பதினாறு நல மடல்கள் வந்துவிட்டன. படிக்க நேரமில்லாமல் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தேன். கடைசி மடல் மட்டும் கண்ணில் பட்டது. உட்கார்ந்தே இருப்பதுதான் சோர்வுக்குக் காரணம் என்று நிறுவனம் கண்டுபிடித்திருக்கிறது. ஆகவே பணியாளர் வீடுகளிலுள்ள நாற்காலிகளை எடுத்துப்போக வண்டி வரும். நாகர்கோவிலுக்கு இன்று மாலை ஐந்து மணி. திருநெல்வேலிக்குத் திங்கட்கிழமை.

அப்படியானால் ஜெபசிங்கையும் ஏற்றிவிடுவார்கள்.

பத்து மணிக்கு மூச்சுப் பயிற்சி.

“எல்லாரும் மூச்ச இழுங்க. ஜெபசிங்கப் பாத்துக் கத்துக்கோங்க. எத்தன அமைதியா இருக்காரு பாருங்க” என்றார் மேடம். பிறகு, “செண்பகா, கால ஆட்டாதீங்க. உங்க படம் ஆடுதுங்க” என்றார்.

என் வலது கால் ஒன்பது மாதமாக ஆடிக்கொண்டிருக்கிறது. நான் ஆட்டுவதில்லை. நான் தூங்கும்போதும் அது ஆடுவதாக என் கணவர் சொல்கிறார். அவர் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். ஒரு நாள் அந்தக் காலை வரைந்து பார்த்தார். கோடு நேராக வரவில்லை.

“மேடம், நலப் பிரிவு எங்க இருக்கு?” என்று கேட்டேன்.

“உங்க வீட்லதாங்க. ஃபிரிட்ஜ் தாண்டி.”

எல்லாரும் வீட்டிலிருந்து வேலை செய்ய ஆரம்பித்தபோது பிரிவுகளையும் வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். நலப் பிரிவு எங்கள் வீட்டுக்கு விழுந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீட்டைப் பெருக்கியாவது வைத்திருப்பேன்.

என் கணக்கும் அவன் கணக்கும் ஓடிய இரண்டு மடிக்கணினிகளையும் திறந்தபடியே இடுப்புக்கு ஒன்றாக இடுக்கிக்கொண்டு கிளம்பினேன். வலது கட்டைவிரல் என் புள்ளிக்கு, இடது கட்டைவிரல் அவன் புள்ளிக்கு. ஃபிரிட்ஜிலிருந்து குளியலறைக்கு ஒன்பது எட்டு வைத்தால் போதும். நூறு எட்டு நடந்தும் குளியலறை வரவில்லை. சுவரில் எங்கள் கல்யாணப் போட்டோ வந்தது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி வந்தது. அதில் மாமனாருக்கு மீசை நரைத்திருந்தது. மூன்றாவது முறை வந்தபோது நாங்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். ஃபிரிட்ஜும் இரண்டு தடவை குறுக்கிட்டது. இரண்டாவது தடவை திறந்து தயிர்சாதம் எடுத்து நின்றபடியே சாப்பிட்டேன்.

கடைசியில் குளியலறை வந்தது. கீசருக்குக் கீழே ஒருவர் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தில் நலப் பிரிவின் அடையாள அட்டை தொங்கியது. காலடியில் எங்கள் வீட்டு வாளி இருந்தது.

“எத்தன நாளா இங்க இருக்கீங்க?” என்றேன்.

“நீங்க குளிக்கும்போது வெளிய போயிருவேன். சொல்லுங்க, யாரு களைச்சிருக்கது?”

“ஜெபசிங்.”

“அவரு நேர்ல வரணும்.”

“அவன் நாற்காலியா இருக்கான் சார்.”

“அப்ப உக்காரச் சொல்லுங்க.”

“நாற்காலி எப்படி சார் உக்காரும்?”

அவர் இதைக் குறித்துக்கொண்டார். பிறகு வாளிக்குள்ளிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். முதல் கேள்வி: நீங்கள் இருக்கிறீர்களா? ஆம், இல்லை, விடுப்பில். இரண்டாவது கேள்வி: முதல் கேள்விக்கு விடையளித்தவர் யார்?

“அவன் சார்பா நான் நிரப்பலாமா?”

“புள்ளி என்ன நிறம்?”

“பச்சை.”

“பச்சையா இருக்கவங்க நல்லா இருக்காங்க. நல்லா இருக்கவங்களுக்கு லீவு கிடையாது.”

“பச்சையா வச்சிருக்கதே நான்தான் சார்.”

அவர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

“எதுக்கு?”

“இல்லன்னா வேலைய விட்டுத் தூக்கிருவாங்கல்லா?”

“யாரு சொன்னா? மஞ்சளாகட்டும். அப்புறம் சாம்பல் நிறமாகும். மஞ்சளானதுலருந்து ஒரு மணி நேரம் யாரும் தொடாம இருந்தா லீவு தானா பதிவாயிரும். ஆளு எந்திரிச்சிருவாரு. எழுபத்தோராவது மடல்ல தெளிவா போட்டிருக்கே.”

எனக்கு அழுகை வந்தது. நாலு நிமிடம் இருந்ததால் அழுதேன். பதினோரு நாள். அவனை நாற்காலியாகவே வைத்திருந்தது என் கட்டைவிரல். முடித்துவிட்டு, பழக்கத்தில், அவன் பொத்தானைத் தட்டினேன்.

“தட்டாதீங்க” என்றார் அவர்.

கையை எடுத்தேன். விரல் தானாகத் திரும்பிப் போனது. அதை மற்ற கையால் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

“அப்ப நான் மட்டும் ஏன் சார் ஆகல? நானும் ரெண்டு பேரு வேலையத்தான் பாக்கேன்.”

அவர் என் காலைப் பார்த்தார். “அது ஆடுதுல்லா. அதுதான் விடல. ஆட்டம் நின்னா ஆயிருவீங்க.”

இன்னொரு படிவத்தை எடுத்து நீட்டினார். “இது உங்களுக்கு.”

“எனக்கு வேண்டாம். நான் நல்லாத்தான் இருக்கேன்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க. வச்சுக்கிடுங்க.”

திரும்பும்போது நடை ஒரே எட்டாக இருந்தது. மேசைக்கு வந்தபோது மணி நாலு ஆக மூன்று நிமிடம். நாலு மணிக்கு ஜெபசிங்கின் புள்ளி மஞ்சளாகி, பிறகு சாம்பல் நிறமானது. சரியாக ஐந்து மணிக்கு ஒரு மணி நேரம் ஆகும். சரியாக ஐந்து மணிக்கு வண்டியும் வரும். என் படிவத்தை மேசைமேல் வைத்தேன். நிரப்பக் கை ஒழியவில்லை. அவன் பங்கு லிஃப்ட்கள் என் பக்கம் வந்து குவிந்துகொண்டிருந்தன.

மேடம் அழைத்தார்.

“செண்பகா, ஜெபசிங் எங்கீங்க?”

“களைச்சிருக்கான் மேடம்.”

“நல வாரத்துலயா?”

“ஆமா மேடம்.”

“அவரு புள்ளி சாம்பலா இருக்குதுங்க. எனக்குப் பயமா இருக்குது. கொஞ்சம் தட்டி விடுங்களேன். நீங்கதான தட்டுவீங்க?”

மேடத்துக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் தெரிந்திருக்கிறது.

“தட்ட மாட்டேன் மேடம்” என்றேன். ஒன்பது வருட வேலையில் மேடத்திடம் நான் சொன்ன முதல் மாட்டேன் அதுதான். சொன்னதும் உடம்பெல்லாம் லேசானது.

“சரி, அவரு லிஃப்டையும் நீங்களே பாத்துருங்க” என்று மேடம் போனை வைத்துவிட்டார்.

பார்த்தேன். ஒன்றாவது வகை, நாலாவது வகை, மறுபடி நாலு. எழுந்தால் கை அவன் பொத்தானுக்குப் போய்விடும் என்று பயந்து எழுந்திருக்கவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு அந்தச் சாம்பல் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு ஐம்பது. நாலு ஐம்பத்தைந்து. அவன் வீடியோவில், நாகர்கோவிலில் வண்டி ஒன்று பின்பக்கமாக வந்து நிற்கும் சத்தம் கேட்டது. யாரோ படியேறினார்கள்.

ஐந்து மணிக்கு ஜெபசிங் எழுந்து நின்றான். தோளில் இரண்டு சட்டைகள் ஈரமாகக் கிடந்தன. கதவைத் தள்ளிக்கொண்டு வந்த ஆள் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

“இங்க ஒரு நீல நாற்காலி உண்டுன்னு எழுதியிருக்கே?”

“நான்தான் அது.”

“நீங்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டு அவர் போனார். அவன் அம்மா கஞ்சியோடு ஓடிவந்தார். அவன் நின்றபடியே மூன்று கிண்ணம் குடித்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கத்திக் கூப்பிடவேண்டும்போல இருந்தது.

அப்போதுதான் கவனித்தேன். என் கால் ஆடவில்லை. எப்போது நின்றது என்று தெரியவில்லை. மற்ற மூன்று கால்களும் ஆடவில்லை.

ஜெபசிங் வாயைத் துடைத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தான்.

“அக்கா? எங்க போயிட்டீங்க? வெறும் நாற்காலிதான் தெரியுது.”

மர நாற்காலி. எங்கள் சாப்பாட்டு மேசையோடு சேர்ந்தது. நாலு நிமிடத்தில் என் புள்ளி மஞ்சளானது. அவ்வளவு அழகான மஞ்சளை நான் பார்த்ததில்லை. இன்னும் ஒரு மணி நேரம்தான். யாரும் தொடாமல் இருந்தால் போதும்.

“ஐயோ, மஞ்சளாகிட்டே” என்றான் ஜெபசிங். “குளிக்கப் போயிருப்பீங்க. சொல்லாம போயிட்டீங்களேக்கா. பரவால்ல, நான் பாத்துக்கிடுகேன்.”

அவனிடம் முன்பே சொல்லியிருக்க முடியாது, அவன் நாற்காலியாக இருந்தான். இப்போது சொல்ல முடியாது. எழுபத்தோராவது மடலை அவனும் படித்திருக்கமாட்டான்.

அவன் தட்டினான். புள்ளி பச்சையானது. அவன் நல்ல பிள்ளை. நாலு நிமிடம் ஆகவிடாமல், மூன்றாவது நிமிடத்திலேயே தட்டினான்.

ஐந்தரைக்கு என் கணவர் வந்தார். “ஏட்டி, செண்பகா” என்று கூப்பிட்டுப் பார்த்தார். திரையில் பச்சையைப் பார்த்துவிட்டு, வேலையாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். காபி போட்டு எடுத்துவந்து என்மேல் உட்கார்ந்தார்.

நான் ஆடினேன். கொஞ்சம்தான். என் வலது கால் மற்றவற்றைவிட ஒரு நூல் குட்டை. இன்னும் நிற்கவில்லை, இன்னும் விடவில்லை என்று எனக்கு ஒரே துடிப்பாக இருந்தது. பலமாக ஆடினேன். காபி தளும்பியது.

“இது என்ன, ஆடிக்கிட்டே இருக்கு” என்றார்.

அவர் எதையும் அப்படியே விடுகிறவர் இல்லை. எழுந்து, குனிந்து பார்த்தார். மேசைமேல் ஒரு தாள் கிடந்தது. நீங்கள் இருக்கிறீர்களா என்று கேட்டிருந்தது. நிரப்பியிருக்கவில்லை. அதை நாலாக மடித்து, இன்னொரு மடிப்பும் மடித்து, என் வலது காலுக்கடியில் பதமாகச் சொருகினார். கையால் அசைத்துப் பார்த்தார்.

ஆட்டம் நின்றது. அவர் நிம்மதியாக உட்கார்ந்து காபியைக் குடித்தார்.