கயிற்றுக்காரியின் வலது காது

குந்துஸ் படுக்கையில் வலப்பக்கம் புரண்டாள். வீடும் அவளோடு சேர்ந்து புரண்டது. கூரை உத்தரங்கள் சக்கரம் போலச் சுற்றி ஓடின. மெத்தையின் ஓரத்தை இறுகப் பற்றிக்கொண்டு கண்ணை மூடினாள். கொஞ்ச நேரத்தில் சுழற்சி நின்றுவிட்டது. எழுந்து உட்கார்ந்ததும் குமட்டியது.

வேறு யாராக இருந்தாலும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கலாம். குந்துஸுக்குக் கயிறுதான் பிழைப்பு. அந்திஜான் பக்கம் எந்த ஊரில் விழா நடந்தாலும் வீட்டுக் கூரையைவிட உயரத்தில் கட்டிய கயிற்றில் அவளும் அவள் அண்ணன் மிர்ஸோஹிதும் ஏறுவார்கள். அண்ணன் தோளில் ஓர் ஆட்டைச் சுமந்து நடப்பான். குந்துஸோ நடுக்கயிற்றில் மல்லாந்து படுத்து, தூக்கத்தில் புரள்பவளைப் போலத் தலையை இப்படியும் அப்படியும் திருப்புவாள். ஜனங்கள் காத்திருப்பது அதற்குத்தான். வசந்தப் புத்தாண்டான நவ்ரூஸ் பண்டிகையோ நெருங்கிக்கொண்டிருந்தது.

"கண்ணு பட்டிருச்சு" என்றார் மாமியார். காட்டு விதைகளைத் தணலில் போட்டு, அந்தப் புகையை அவள் தலையைச் சுற்றிக் காட்டினார். தலை சுற்றியதோடு இருமலும் சேர்ந்துகொண்டதுதான் மிச்சம்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று புருஷன் தோல்கினிடம் சொன்னாள்.

"என்னது? பாஸ்மதியா?"

"ஆஸ்பத்திரி!" என்று கத்தினாள். ஆள் உயரத்துக்கும் மேலான பித்தளைக் கொம்பை விழாக்களில் ஊதுகிறவன் அவன். ஊதி ஊதியே காது அடைத்துவிட்டது என்று ஊரே சொன்னது. அவனும் அப்படித்தான் நம்பியிருந்தான்.

ஊர் மருத்துவர் அவர்களைக் காது டாக்டரிடம் அனுப்பினார். குந்துஸுக்கு ரோசம் வந்துவிட்டது. டாக்டர் ஸேபோ என்ற அந்த அம்மாவின் முன்னால் உட்கார்ந்ததும் உட்காராததுமாகக் கேட்டாள்:

"எனக்குச் சுத்துறது தலைங்க டாக்டர். காது நல்லாத்தான் கேக்குது. கோழி முட்டை போட்டாக்கூட உள்ளேருந்தே சொல்லிடுவேன்."

டாக்டர் சிரித்தார். "காதுக்குக் கேக்குறது மட்டுமா வேலை? நீங்க கயித்துல நிக்கிறீங்களே, அதுல பாதி வேலையை அதுதான் பாக்குது. உள்ளே மூணு வளையக் குழாய் இருக்கு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு திசையிலே. அதுல தண்ணி மாதிரி ஒண்ணு இருக்கும். தலையைத் திருப்பினா அது பின்தங்கும். உடனே மூளைக்குச் சேதி போயிடும்."

"அது எதுக்கு என்னைக் கிறுகிறுக்க வைக்குது?"

"அந்தக் குழாய்ங்களுக்குப் பக்கத்து அறையிலே மாவு மாதிரி பொடிக்கல்லு இருக்கும். எது மேலே, எது கீழேன்னு சொல்றது அதோட வேலை. அதுல கொஞ்சம் வழி தப்பிக் குழாய்க்குள்ளே போயிருக்கும்னு நினைக்கிறேன். நீங்க புரண்டா அது உருளும். நீங்க நின்னப்புறமும் உருளும். மூளை பாவம், இன்னும் சுத்துறோம்னு நம்பிடும்."

"என் தலைக்குள்ளே கல்லா?"

"எல்லார் தலையிலயும் உண்டு. உங்க வீட்டுக்காரர் தலையிலயும்."

"அது எனக்குக் கல்யாணத்தன்னிக்கே தெரியும்" என்றாள் குந்துஸ். தோல்கின் காதில் ஒன்றும் விழாமலே மரியாதையாகத் தலையாட்டினான்.

டாக்டர் அவள் தலையை வலப்பக்கம் திருப்பிச் சட்டென்று பின்னால் சாய்த்துப் படுக்கவைத்தார். கட்டிலின் விளிம்புக்குக் கீழே தலை தொங்கியது. அறை சுழல, குந்துஸ் அவர் கையைப் பிடித்த பிடியில் டாக்டருக்கே வலித்தது. அவர் அவள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கருமணிகள் துள்ளித் துள்ளித் திரும்பின.

"சிக்கிருச்சு! வலது காதுதான். இப்போ கல்லை வந்த வழியே வீட்டுக்கு அனுப்புவோம். பொறுத்துக்கங்க."

சுழற்சி அடங்கும்வரை அப்படியே வைத்திருந்து, தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பினார். பிறகு உடம்பையும் இடத்தோளின் மேல் புரட்டி, முகம் தரையைப் பார்க்கவைத்தார். கடைசியில் எழுப்பி உட்கார வைத்தார். ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை. திரும்பவும் வலப்பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார். சுவர் சுவராகவே நின்றது. ஜன்னல் நகரவில்லை.

"நிக்குது" என்றாள் குந்துஸ். "டாக்டர், அறை நிக்குது!" சொல்லும்போதே கண்ணில் நீர் முட்டியது. எழுந்து டாக்டரைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள்.

வந்ததுதான் வந்தான், பார்த்துவிடுவோம் என்று தோல்கினையும் உட்காரவைத்தார் டாக்டர். விளக்கை வைத்துப் பார்த்தவர் வாயைப் பொத்திக்கொண்டார். கொம்பு ஒரு பாவமும் செய்யவில்லை. இரண்டு காதிலும் அழுக்கு தக்கை வைத்தாற்போல் அடைத்திருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி எடுத்தார்.

"வெளியே யாரு இவ்வளவு சத்தமா நடக்குறது?" என்று திடுக்கிட்டான் தோல்கின்.

"நர்ஸுதான்."

"நீ ஏண்டி கத்துறே?"

"நான் மெதுவாத்தான் பேசுறேன்" என்றாள் குந்துஸ். பிறகு, "இனிமே உன்னைப் பத்தி உன் முன்னாடியே பேச முடியாது, அதுதான் கஷ்டம்" என்றாள். ஆஸ்பத்திரி வாசல்வரை இருவரும் சிரித்துக்கொண்டே போனார்கள்.

மறுபடி சோதித்துப் பார்க்கும்வரை கயிறு கூடாது என்பது டாக்டரின் கட்டளை. சொன்ன நாளில் போனாள். எந்தப் பக்கம் சாய்த்தாலும் கண்மணிகள் அசையவில்லை. முதலில் முற்றத்தில் முழங்கால் உயரக் கயிற்றில் பழகினாள். அதன் பிறகுதான் மிர்ஸோஹித் அவளை மேலே விட்டான்.

நவ்ரூஸ் அன்று வாதுமைப் பூக்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. நடுக்கயிற்றுக்குப் போனதும் குந்துஸ் சமநிலைக்காகக் கையில் பிடித்திருந்த கோலை வயிற்றின் மேல் கிடத்தி மல்லாந்தாள். வலப்பக்கம் திரும்பும் முன் ஒரு கணம் தயங்கினாள்.

"மனசு இல்லேன்னா எழுந்துடு, தங்கச்சி. ஒண்ணும் குறைஞ்சுடாது!" என்று கம்பத்தருகிலிருந்து அண்ணன் கூப்பிட்டான்.

அவள் திரும்பினாள். வானம் இருந்த இடத்திலேயே இருந்தது. மேகம்கூட அவசரப்படவில்லை. அவளுக்கு வந்த சிரிப்பில் கயிறே குலுங்கியது. அதுவும் வித்தைதான் என்று நினைத்துக் கூட்டம் ஆரவாரித்தது.

ஆட்டம் முடிந்து குந்துஸ் வீட்டு முற்றத்தில் புலாவு தட்டுகள் வந்தபோது டாக்டர் ஸேபோவும் பந்தியில் இருந்தார். நாற்காலி மேல் ஏறவே பயப்படுகிறவர் அவர். குந்துஸ் மேலே இருந்த நேரமெல்லாம் கண்ணைப் பொத்திக்கொண்டே இருந்தாராம்.

"அந்தச் சின்னக் கயித்துல நான் ஒரு தடவை நின்னு பாக்கட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

குந்துஸ் அவர் செருப்பைக் கழற்றச் சொல்லிக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். "காலைப் பாக்காதீங்க. எதிர்ல சுவரைப் பாருங்க."

ஓர் அடி. இன்னோர் அடி. மூன்றாவது அடியில் டாக்டர் காற்றில் இரண்டு கையாலும் நீந்தி, அண்ணன்மீதும் அவன் ஆட்டின்மீதும் சேர்ந்து விழுந்தார். ஆடு கத்தியது, டாக்டர் அதைவிடப் பெரிதாகச் சிரித்தார்.

"இன்னொரு தடவை!" என்று புழுதியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.