பட்டாபிராமய்யரின் மூன்றாவது சம்சாரம்

பட்டாபிராமய்யர் என்னைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்பதற்காக, முதலில் நான் வளர்த்த மரத்தைக் கல்யாணம் செய்துகொண்டார். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. வெட்கப்பட வேண்டியவர் அவர். அவரோ அன்றைக்குப் புதுப் பஞ்சகச்சமும் சந்தனமுமாக மாப்பிள்ளைக் களையோடு நின்றார்.

அப்போது நாங்கள் கல்கத்தாவில், பாலிகஞ்சில் குடியிருந்தோம். வருஷம் 1911. முன்கட்டில் அவர், பின்கட்டில் நாங்கள். அவர் ஒரு சணல் கம்பெனியில் ஹெட் கிளார்க். என் அப்பா சீதாராமன் அதே ஆபீஸில் அவருக்குக் கீழே குமாஸ்தா. ஆபீஸில் "சார்" என்று நிற்பார். குடியிருப்பதும் அவருடைய வீடுதான் என்பதால், திரும்பி வந்த பிறகும் நின்றுகொண்டுதான் இருப்பார்.

கம்பெனியின் பெரிய துரை சீமைக்குத் திரும்பும்போது ஹெட் கிளார்க்குக்கு ஒரு மஹோகனிக் கன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். தென்னமெரிக்கக் காட்டு மரமாம், நூறு வருஷம் நிற்குமாம். பெருமை பட்டாபிராமய்யருக்கு, தண்ணீர் ஊற்றும் வேலை எனக்கு. இரண்டு வருஷம் ஊற்றினேன். முதல் கோடையில் வெயில் தாங்காது என்று தட்டி கட்டினேன். நுனிக் குருத்தை ஒரு புழு துளைத்துக்கொண்டு உள்ளே போகும். குருத்து கறுத்துப்போகும். கறுத்த இடத்துக்குக் கீழே கிள்ளி எறிந்தால் பக்கத்திலேயே புதுசு கிளம்பும். பங்குனியில் இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நின்றது. செத்துவிட்டது என்று அழுதேன். பத்தே நாளில் செம்பு நிறத்தில் தளிர்த்தது. அந்த மரத்துக்குச் சாகத் தெரியாது என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன்.

பட்டாபிராமய்யருக்கு ஐம்பத்திரண்டு வயது. இரண்டாவது சம்சாரமும் போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பவில்லை, அதற்குள் பெண் தேடினார். பின்கட்டிலேயே கிடைத்ததில் டிராம் சார்ஜ் மிச்சம். எனக்குப் பதின்மூன்று, ஊருக்குச் சொன்னது பதினொன்று. அப்பா "சரி சார்" என்றார். வேறு வார்த்தை அவருக்குப் பழக்கமில்லை. அம்மா ஒரு நாள் முழுக்க அழுதாள், மறுநாள் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்துவிட்டாள். காமு, உனக்கு இஷ்டமா என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு இஷ்டமில்லை. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அது ஒன்றுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

காளிகாட்டிலிருந்து வந்த வைத்தீஸ்வர சாஸ்திரிகள்தான் ஒரு முட்டுக்கட்டை போட்டார். மூன்றாம் தாரம் ஆகவே ஆகாது, யாராவது ஒருத்தர் போய்விடுவார்கள் என்றார். பரிகாரமும் அவரே சொன்னார். எருக்கஞ்செடிக்குத் தாலி கட்டி அதை மூன்றாம் தாரமாக்கி, உடனே வேரோடு பிடுங்கிப் போட்டுவிட வேண்டும். தோஷம் அதோடு தொலைந்துவிடும். அப்புறம் வருகிறவள் நாலாவது, க்ஷேமமாக இருப்பாள்.

"எருக்கா?" என்று முகத்தைச் சுளித்தார் பட்டாபிராமய்யர். "சாக்கடையோரத்துல மொளைக்கிறதுக்கு ஒரு ஹெட் கிளார்க் தாலி கட்டறதா? தோட்டத்துல மஹோகனி இருக்கே, துரை குடுத்தது."

"சாஸ்திரத்துல எருக்குன்னுதான் இருக்கு."

"சாஸ்திரம் எழுதினவா மஹோகனியைப் பாத்திருக்காளா? பாத்திருந்தா அதைத்தான் எழுதியிருப்பா."

சாஸ்திரிகள் மோட்டுவளையைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

ஆனி மாதம் முகூர்த்தம். ஆளுயர மரத்துக்கு ஒன்பது கஜப் புடவையைச் சுற்றினார்கள். கன்னிகாதானம் செய்ய ஒரு தகப்பனார் வேண்டுமே, அதற்கு என் அப்பாவை உட்கார வைத்தார்கள். அப்பா எங்கள் கோத்திரத்தைச் சொல்லி, ஒரு கொத்து இலையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்துத் தாரை வார்த்தார். பக்கத்து வீட்டு வங்காளி மாமி, மாஷிமா என்று கூப்பிடுவோம், தினமும் மீன் கழுவின தண்ணீரைச் சுவர் தாண்டி அந்த மரத்தடியில்தான் கொட்டுவாள். மணப்பெண்ணின் ஆகாரத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் தோட்டக்கார மாலி கோடாலியோடு வந்தான். வேர் ஆழமாக இறங்கியிருந்தது, பிடுங்க வரவில்லை. முழங்கால் உயரத்தில் வெட்டிச் சாய்த்தான். "போறும், போறும்" என்றார் சாஸ்திரிகள். பட்டாபிராமய்யர் தலைமுழுகிவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பினார். அப்பா மட்டும் வெட்டின இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவர் சாதத்தைப் பிசைந்தார், சாப்பிடவில்லை.

என் முகூர்த்தம் ஆவணியில். நடுவில் ஆடி வந்தது என் அதிர்ஷ்டம். வெட்டுவாயில் மழைத் தண்ணீர் இறங்கி அழுகாமல் இருக்கப் பசுஞ்சாணியை அப்பினேன். சுற்றிலும் மண்ணைக் கொத்திவிட்டேன். வெட்டின பதினெட்டாம் நாள் பட்டையைப் பிளந்துகொண்டு நாலு தளிர் வந்தது. நாலையும் விட்டால் நாலும் நோஞ்சானாகும். வலுவான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளினேன். ஆவணி பிறந்தபோது அது என் இடுப்பு உயரம் வந்துவிட்டது.

பந்தல்கால் நட சாஸ்திரிகள் வந்தார். நான் அவரைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"மாமா, மூணாவது மாமி சாகலை."

அவர் மரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அடிப்பாவி!" என்றார். எங்களில் யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. நேரே கூடத்துக்குப் போய்ப் பட்டாபிராமய்யரிடம் சொன்னார்: "அவ உசிரோட இருக்கா. அவ இருக்கிறவரைக்கும் தோஷமும் இருக்கு. மேல நடத்தினா அது யார் தலையில விடியும்னு என்னால சொல்ல முடியாது."

பட்டாபிராமய்யர் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு பின்கட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"சீதாராமன்! கடப்பாரையை எடுத்துண்டு வாரும். வேரோட தோண்டி எறிஞ்சுடலாம். வெள்ளிக்கிழமை முகூர்த்தம்!"

அப்பா கடப்பாரையோடு கூடத்துக்கு வந்தார். பின்னாலேயே நானும் போனேன். அப்பா கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார். எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை," என்றார்.

"யாரைச் சொல்றீர்?"

"உங்களைத்தான். கோத்திரம் சொல்லித் தாரை வார்த்துக் குடுத்திருக்கேன். அவ என் பொண்ணு. ஒரு தடவை வெட்டினேள், பொறுத்துண்டேன். தானாப் பொழச்சு வந்திருக்கா. இன்னொரு தடவை அவ மேல கையை வைக்க விடமாட்டேன்."

"ஓய், அது மரம்!"

"தாலி கட்டறச்சே தெரியலையா?"

பட்டாபிராமய்யர் சாஸ்திரிகளைப் பார்த்தார். "மந்திரம் சொன்னது வாஸ்தவம்," என்றார் சாஸ்திரிகள். "அவர் உங்களுக்கு மாமனார்ங்கறதும் வாஸ்தவம்."

"நாளைக்கு ஆபீஸ் இருக்கு, சீதாராமன். ஞாபகம் இருக்கட்டும்."

"வரேன், மாப்பிள்ளை."

ஆபீஸிலும் இவர் இப்படியே கூப்பிட்டால் என்ன ஆகும் என்று பட்டாபிராமய்யர் யோசித்திருக்க வேண்டும். மரத்துக்குத் தாலி கட்டிய கதையை ஒவ்வொரு மேஜையிலும் விளக்க வேண்டியிருக்கும். முகம் சிவந்தது, வெளுத்தது, கடைசியில் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வாசலில் இறக்கிய மூங்கிலைச் சாஸ்திரிகளே திரும்ப வண்டியில் ஏற்றச் சொன்னார். என் கல்யாணம் அதோடு நின்றது.

பின்கட்டுக்கு வருவதற்குள் அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. கடப்பாரையை நான் வாங்கிக்கொண்டேன். சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏம்ப்பா, மரத்துக்காக இவ்வளவு பேசினேளே, எனக்காக ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

அப்பா கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்தார்.

"ரெண்டு மாசமா தெனமும் அவர் முன்னாடி போய் நின்னேன், காமு. வாயைத் திறந்தா 'சரி சார்'தான் வரும். அந்த மரத்தைத் தாரை வார்த்துட்டு, மறுநாள் வெட்டறதைப் பாத்துண்டு நின்னேன் பாரு. பொண்ணைக் குடுத்துட்டு நிக்கறது எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

எனக்கு அவர் மேல் கோபம் தீரவில்லை. ஆனாலும் அவருக்குக் கைகால் கழுவ ஒரு வாளி தண்ணீர் இறைத்துக் கொடுத்தேன்.