தூரில் தைத்த பூ

"பூவக் கொண்டுபோயி பையோட அடியில தைக்கிறியே தாயி? வாய்ப்பக்கம் தச்சாத்தானே லட்சணம்?"

"ஏலச்செடி எங்க அத்தை பூக்குது? தூருலதானே?"

அன்றைக்கு மருமகள் அன்னக்கொடி சொன்னதைக் கேட்டு ஒச்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பல் போன இடத்தை மறைக்கும் பழக்கம். அந்தப் பல்லை உடைத்தவன் அவள் பெற்ற மகன் காசிமாயன், அன்னக்கொடியின் புருஷன்.

"உங்களுக்கும் ஒரு பை பின்னித் தரவா அத்தை?"

"பை வேணாம். வேற ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"கேக்குறேன், கேக்குறேன். மொதல்ல அடுப்பப் பாரு, சோறு பொங்குது."

அதற்குப் பிறகு இரண்டு தீபாவளி போய்விட்டது. மாமியார் கேட்கவே இல்லை.

இப்போது அன்னக்கொடி கிளம்பிக்கொண்டிருந்தாள். போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டில் இருக்கும் அக்கா சுகன்யா, "இனியும் அடி வாங்காத. மத்தியான ஜீப்புல ஏறி வந்துரு" என்று சொல்லியிருந்தாள். காசிமாயன் போடியில் ஏலக்காய் மண்டிக்குப் போனால் பொழுது சாயாமல் சிலமலை வீட்டுக்குத் திரும்ப மாட்டான். முனையில் கொக்கி வைத்த குரோஷா ஊசி, நூல்கண்டு, பின்னிய பூக்கள், தைத்து முடித்த பைகள் எல்லாவற்றையும் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தபோது கதவு சுவரில் மோதியது. காசிமாயன் நேரத்தோடேயே திரும்பியிருந்தான்.

"மண்டியில என்ன சொல்றானுக தெரியுமா? பஸ்சுல பாதிப் பொம்பளைக தோள்ல என் பொண்டாட்டி பேரு தொங்குதாம். கடைக்காரன் 'அன்னக்கொடி பை'ன்னே விக்கிறானாம். உன் பேரு எதுல தொங்குது மாப்ளேன்னு கேக்குறானுக."

அவன் கண் சாக்கில் விழுந்தது.

"எங்கடி கெளம்பிட்ட?"

பதில் வருமுன் கன்னத்தில் அறைந்தான். காது கிண்ணென்றது. சாக்கை மார்போடு அணைத்துக் குனிந்தவளை முதுகில் மிதித்தான். ஊதா வரி ஓடிய வெள்ளைப் பூக்கள் தரையெங்கும் சிதறின. பாதி பின்னிய பை ஒன்றை எடுத்து, தொங்கிய நூலைப் பிடித்து இழுத்தான். முடிச்சுப் போடாத பின்னல் மளமளவென்று பிரிந்தது. கையில் சேர்ந்த நூலை அவள் கழுத்தில் சுற்றி இறுக்கினான்.

கனம் தாங்க வேண்டுமென்று அவளே பார்த்துப் பார்த்து வாங்கிய பருத்தி நூல். அறுபடவில்லை. விரலை உள்ளே விடப் பார்த்தாள், இடமில்லை. தரையைத் துழாவிய கையில் குரோஷா ஊசி தட்டுப்பட்டது. அவன் தொடையில் குத்தினாள். கொக்கி சதையில் மாட்டிக்கொண்டது. அப்படியே பிடித்து இழுத்தாள். அவன் அலறினான், பிடியை மட்டும் விடவில்லை. அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"விடுடா அவள." வாசலில் நின்ற ஒச்சம்மாளின் குரல் உயரவே இல்லை.

"போ ஆத்தா அங்கிட்டு. இன்னொரு பல்லும் போகணுமா?"

புல்லறுக்கும் அரிவாள் அவன் மணிக்கட்டில் இறங்கியது. நூலும் அறுந்தது, சதையும் அறுந்தது. அவன் திரும்பித் தாய் மீது பாய வந்தான். பெற்றவள் அரிவாளைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகால் முழங்காலில் ஓங்கி அடித்தாள். சரிந்தவனை இன்னொரு முறையும் அடித்தாள். பிறகு துண்டைக் கிழித்து மணிக்கட்டில் இறுக்கிக் கட்டி, அவன் செல்போனை அவன் மடியிலேயே எறிந்தாள்.

"மண்டியில சிரிச்சவனுகளக் கூப்பிடு. ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போவானுக."

அன்னக்கொடி இருமி இருமி மூச்சை மீட்டாள். ரத்தம் படாத பூக்களை மட்டும் பொறுக்கிச் சாக்கில் போட்டு எழுந்தாள். தெருமுனையில் ஜீப்பு ஹாரன் அடித்தது.

ஒச்சம்மாள் அரிவாளைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு ஒண்ணு கேக்கணும்னேன்ல." இந்த முறை அவள் வாயைப் பொத்தவில்லை. "என்னையும் உன்கூடக் கூட்டிட்டுப் போறியா தாயி?"