இரண்டு கொள்ளைக்காரிகள்

சிசுருவும் கனாயேயும் ஒசாகாவில் மேடை நகைச்சுவை ஜோடி. ஒரே மைக்கின் முன் நின்று வாய்ச்சண்டை போடுவதுதான் தொழில். வசனத்தைச் சேர்ந்தே எழுதுவார்கள். சிசுரு எழுதித் தள்ளுவாள். கனாயே வெட்டித் தள்ளுவாள்.

அந்த வசந்தத்தில் ஒரு வங்கிக் கொள்ளைக் காட்சி அவர்களைப் படாதபாடு படுத்தியது. கனாயே கொள்ளைக்காரி, சிசுரு வங்கி ஊழியர். எப்படித் திருத்தியும் சிரிப்பு வரவில்லை. வேடத்தை மாற்றிக்கொள்ளலாமா, வேண்டாமா என்று காட்சிக்கு முந்தின நாள் வரை பேசினார்கள்.

மறுநாள் பகல் காட்சி. இருவரும் விரலைத் துப்பாக்கியாக நீட்டி, ஒரே குரலில், "கையத் தூக்கு!" என்றார்கள்.

அப்படியே உறைந்தார்கள். தடுமாற்றம் நிஜம் என்று தெரிந்தால் கூட்டத்துக்குச் சிரிப்பு வராது, பாவமாகத்தான் இருக்கும். முன்வரிசை அம்மாள் ஒருத்தி ஆரஞ்சுப் பழம் உரிக்கத் தொடங்கினாள். எதையோ உளறி, கும்பிடு போட்டு ஓடிவந்தார்கள்.

பக்கத்து ஒகோனோமியாகி கடையில், சூடான கல்லில் கோஸ் அடை வெந்துகொண்டிருக்க, சண்டை மூண்டது.

"நீதானடி மாத்திக்கலாம்னு சொன்ன?"

"அப்புறம் வேணாம்னும் சொன்னேன்ல!" என்றாள் கனாயே.

"எப்போ?"

"நீ கொட்டாவி விட்டப்போ!"

"கொட்டாவி விடுறவகிட்ட யாராச்சும் முக்கியமான விஷயம் பேசுவாங்களா?"

"உங்கிட்ட வேற எப்பதான் பேசுறது?"

கடைக்காரர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

"எது எப்படியோ, கொள்ளையடிக்க நான்தான் முதல்ல வந்தேன்!" என்று கத்தினாள் சிசுரு.

"வரிசையில நின்னியா? டோக்கன் எடுத்தியா?"

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அடை கருகியது.

"அண்ணே, எதுக்குச் சிரிக்கிறீங்க?"

"டோக்கனாம்மா... கொள்ளைக்கு டோக்கனா!" கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ரெண்டு பேருமே கொள்ளைக்காரி," என்றாள் சிசுரு மெதுவாக.

"வரிசைக்குச் சண்டை!"

"எழுதுடி, எழுது!"

காகிதக் கைக்குட்டைகளில் கிறுக்கினார்கள். வெட்டுகிறவள் எழுதினாள், எழுதுகிறவள் வெட்டினாள். சிரித்துச் சிரித்து சிசுருவுக்கு விக்கல் வந்தது. கருகிய அடையை யார் தின்றார்கள் என்று இருவருக்கும் நினைவில்லை.

அடுத்த வாரம் அரங்கம் குலுங்கியது. திரைக்குப் பின்னால் வந்ததும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

"ஆனா போலீஸ் வர்ற இடத்துல ஒரு ஆள்கூட சிரிக்கல, கவனிச்சியா?" மூச்சிரைக்கக் கேட்டாள் கனாயே.

"அந்த இடம் செத்துப்போச்சு!" என்றாள் சிசுரு, கண்கள் மின்ன. "வா, வா, உக்காந்து எழுதலாம்!"